என்பிஏ-வில் த்ரீ பாயிண்ட் பெருக்கம்: எறிபவர்கள் மாறினார்களா, தடுப்பவர்கள் மாறினார்களா?

அரைவட்டம் (இழையைத் தொடங்கியவர்)

1979-80 சீசனில் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ மூன்று புள்ளிக் கோட்டைக் கொண்டுவந்தது. 1979 அக்டோபர் 12 அன்று பாஸ்டனின் கிறிஸ் ஃபோர்ட் போட்டதைத்தான் முதல் த்ரீ என்று பதிவில் வைத்திருக்கிறார்கள். அந்த சீசனில் ஓர் அணி ஆட்டத்துக்குச் சராசரியாக 2.8 த்ரீ எறிந்தது. 2024-25இல் 37.6. நடுவில் மூன்று சீசன் தவிர கோடு இருந்த இடத்திலேயே இருக்கிறது: உச்சியில் 23 அடி 9 அங்குலம், மூலையில் 22 அடி. வளையம் அதே 10 அடி உயரம்.

என் கேள்வி இதுதான். மூன்று என்பது இரண்டைவிடப் பெரிசு என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கே தெரியும். அப்படியிருக்க, முப்பது வருஷத்துக்கு மேல் பயிற்சியாளர்களுக்கு இது ஏன் பிடிபடவில்லை? உண்மையிலேயே பிடிபடவில்லையா, இல்லை ஆட்டத்தில் வேறு ஏதாவது மாறியதா? 'வாரியர்ஸின் ஸ்டீஃபன் கர்ரி வந்தார், எல்லாம் மாறிவிட்டது' என்று ஒரே வரியில் முடித்துவிடாமல் கணக்கோடு பேசினால் நன்றாக இருக்கும்.

---

எண்கணக்கன்

பழைய பயிற்சியாளர்களை ஏளனமாகப் பார்க்க வேண்டாம் என்பதிலிருந்து தொடங்குகிறேன். 1979-80இல் லீக் முழுவதும் த்ரீ விழுந்த விகிதம் 28%. ஓர் எறிக்கு 0.84 புள்ளி. அதே சீசனில் இரண்டு புள்ளி எறிகள் விழுந்தது ஏறத்தாழ 49%. ஓர் எறிக்கு 0.98 புள்ளி. அன்று கையிலிருந்த ஆட்டக்காரர்களை வைத்துப் பார்த்தால் த்ரீ எறிவது நஷ்டம். அவர்கள் எறியாமல் விட்டது சரியான முடிவு.

த்ரீக்கும் 50% டூவுக்கும் சமநிலை 33.3%. லீக் சராசரி அந்த எல்லையைத் தாண்டியதே 1990களின் தொடக்கத்தில்தான். கோடே இல்லாத மைதானத்தில் ஆடி வளர்ந்த தலைமுறை ஓய்வுபெற்று, கோட்டைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் லீக்குக்குள் வர அவ்வளவு காலம் பிடித்தது.

அந்த மூன்று சீசனையும் சொல்லிவிடுகிறேன், அது யாரும் திட்டமிடாமல் கிடைத்த நல்ல பரிசோதனை. 1994-95 முதல் 1996-97 வரை கோட்டைச் சுற்றிலும் 22 அடிக்கு இழுத்தார்கள். எறிகள் ஆட்டத்துக்கு 9.9இலிருந்து ஒரே சீசனில் 15.3 ஆயின. கோட்டைப் பழைய இடத்துக்கே தள்ளியதும் 1997-98இல் 12.7க்கு இறங்கின. இதில் கவனிக்க வேண்டியது மொத்தப் புள்ளிகள். 1993-94இல் ஓர் அணியின் சராசரி 101.5. 1996-97இல் 96.9. த்ரீ ஏறத்தாழ 70% கூடியும் புள்ளி குறைந்திருக்கிறது! ஆட்டத்தின் வேகம் குறைந்துகொண்டே வந்த காலம் அது. ஆக, வெளியிலிருந்து நிறைய எறிந்தால் மட்டும் ஆட்டம் மாறிவிடாது.

---

பழைய ஆட்டம்

எண்கணக்கன் சார் சொன்ன கடைசி வரியைப் பிடித்துக்கொள்கிறேன். அப்போது ஆட்டம் ஏன் மாறவில்லை என்பதற்குக் காரணம் விதிப்புத்தகத்தில் இருக்கிறது.

2001க்கு முன் என்பிஏ-வில் ஸோன் தடுப்பு (ஆளுக்குப் பதில் இடத்தைக் காப்பது) கிடையாது. பந்து இல்லாத ஆளைக் காப்பவர் தன் ஆளை விட்டு இஷ்டப்பட்ட இடத்தில் போய் நிற்க முடியாது. அதனால் தாக்கும் அணி தன் பெரிய ஆளுக்கு இடது போஸ்ட்டில் (வளையத்தருகே பக்கவாட்டில்) பந்தைக் கொடுத்துவிட்டு, மற்ற மூன்று பேரை வலது பக்கம் அனுப்பிவிடும். அந்த மூன்று பேருக்கும் எறியத் தெரிகிறதா என்பது ஒரு பொருட்டே இல்லை. அவர்களைக் காப்பவர்கள் விதிப்படி அவர்களோடு போய்த்தான் ஆகவேண்டும். இடைவெளியை விதியே கொடுத்துக்கொண்டிருந்தது.

2001-02இல் ஸோனை அனுமதித்தார்கள். கூடவே, தடுப்பவர் எந்த ஆளையும் கைக்கெட்டும் தூரத்தில் காக்காமல் பெயிண்ட்டுக்குள் (வளையத்துக்கு முன்னுள்ள செவ்வகம்) 3 விநாடிக்கு மேல் நிற்கக்கூடாது என்ற விதி வந்தது. அப்போதுதான் எறியத் தெரியாத ஆள் சுமையானார். அவரைக் காப்பவர் நேராக பந்துப் பக்கம் நகர்ந்துவிடுவார். 2007-08 பாஸ்டனில் துணைப் பயிற்சியாளராக இருந்த டாம் திபடோ இதை முழுமையாக்கினார்: பந்து இருக்கும் பக்கம் கூடுதலாக ஓர் ஆள், எதிர்ப்பக்கம் இரண்டு பேர் மூன்று பேரைப் பார்த்துக்கொள்வது. அந்த அணி சாம்பியன்.

இடைவெளியை விதி கொடுக்காதபோது அதை எறிதிறன்தான் கொடுக்க வேண்டும். த்ரீ பெருகியது தடுப்பாட்டத்துக்குத் தாக்குதல் சொன்ன மறுமொழி என்பதே என் கருத்து. 2004-05இல் வெளிவட்டத்தில் கைவைத்துத் தள்ளுவதைக் கறாராக ஊத ஆரம்பித்ததும் சேர்ந்துகொண்டது. அதே சீசனில்தான் மைக் டி'ஆன்டோனியின் ஃபீனிக்ஸ், ஸ்டீவ் நாஷை வைத்து 62 ஆட்டம் வென்றது.

---

நீலச்சட்டை

அருமையான விளக்கம் ஐயா. ஒரு சந்தேகம். எல்லோரும் 'கார்னர் த்ரீ, கார்னர் த்ரீ' என்கிறார்களே, மூலையில் அப்படி என்ன விசேஷம்? ஒன்றே முக்கால் அடி கிட்ட என்பதால் மட்டுமா?

---

பக்கப்பலகை

கிட்ட என்பது ஒரு பங்குதான். மைதானத்தின் அகலம் 50 அடி. வளையத்தின் நடுவிலிருந்து பக்கக்கோடு 25 அடி. 23 அடி 9 அங்குல வளைவை அப்படியே கீழே கொண்டுவந்தால் மூலையில் மிச்சம் 15 அங்குலம். பெரிய ஷூ ஒன்றை வைத்தால் சரியாகப் போய்விடும், நகர இடமிருக்காது. அதனால் கடைசிக் கோட்டிலிருந்து 14 அடி வரை கோட்டை நேராக்கி 22 அடியில் வைத்தார்கள். மிச்சம் 3 அடி. இந்த நேர்க்கோட்டுப் பட்டையில் விழும் விகிதம் லீக்கில் 38-39% அளவில் இருக்கும், வளைவிலிருந்து எறிவதைவிட மூன்று, நான்கு சதவீதம் கூடுதல்.

ஆனால் அந்த விகிதத்தை எறிபவரின் இடம் மட்டும் தரவில்லை. மூலையிலிருந்து யாரும் ஆட்டத்தைத் தொடங்குவதில்லை, ஒருவர் பந்தைக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். எனவே கார்னர் த்ரீ பெரும்பாலும் காலை நிறுத்தி, தோளைத் திருப்பி, காத்திருந்து வாங்கி எறிவது. புரூஸ் போவனைப் பாருங்கள். 2002-03இல் த்ரீ விகிதத்தில் லீக்கிலேயே முதலிடம், 44.1%. அதே சீசனில் ஃப்ரீ த்ரோ 40.4%. யாரும் தடுக்காத 15 அடி எறியைவிட 22 அடி எறி நன்றாக விழுந்திருக்கிறது! ஒரே இடம், ஒரே கால்வைப்பு, ஒரே தாளம் என்று ஒருவர் தன்னைப் பழக்கிக்கொண்டால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு அவர் சாட்சி.

அந்த 3 அடி எவ்வளவு குறுகல் என்று பார்க்க 2013 இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டத்தைப் போட்டுப் பாருங்கள். மயாமி சான் அன்டோனியோவிடம் 3 புள்ளி பின்தங்கியிருக்கிறது. கிறிஸ் பாஷ் மறுபந்தைப் பிடிக்கிறார். ரே ஆலன் பெயிண்ட் பக்கமிருந்து வலது மூலைக்குப் பின்னோக்கியே நடக்கிறார். கண் பந்தின் மேல்தான், கோட்டைக் குனிந்து பார்க்கவே இல்லை. பந்து கைக்கு வரும்போது கால் கோட்டுக்கு வெளியே, பக்கக்கோட்டுக்கு உள்ளே. 5.2 விநாடி மிச்சமிருக்க 95-95. அரை அடி குறைவாக நகர்ந்திருந்தால் அது இரண்டு புள்ளி. ஓர் அடி கூடியிருந்தால் பந்து சான் அன்டோனியோவுக்கு.

---

எண்கணக்கன்

பழைய ஆட்டம் ஐயா சொன்னதற்கு எண் ஆதாரம் தருகிறேன். இந்த இழையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான்.

2003-04 சீசனையும் 2023-24 சீசனையும் பக்கத்தில் வைப்போம். த்ரீ விகிதம் 34.7%இலிருந்து 36.6%. இருபது வருஷத்தில் இரண்டு சதவீதம்கூட ஏறவில்லை. இப்போது டூவைப் பாருங்கள். 2003-04இல் ஓர் அணி ஆட்டத்துக்குச் சுமார் 65 டூ எறிந்து 30 போட்டது, 46%. 2023-24இல் சுமார் 54 எறிந்து 29 போட்டது, 54.5%.

பதினோரு எறி குறைவாக எறிந்து, ஏறத்தாழ அதே எண்ணிக்கை டூ போட்டிருக்கிறார்கள். த்ரீ எல்லாம் அதற்கு மேல் கிடைத்த லாபம். வெளியிலிருந்து எறிவது மாற்றியது உள்ளே விழுவதைத்தான்.

---

பழைய ஆட்டம்

நியாயமாக ஒன்று கேட்கிறேன் சார். 20 அடி டூவைக் கைவிட்டால் சராசரி தானாகவே ஏறும் அல்லவா? வகுப்பில் கடைசி ஐந்து பேரை நீக்கிவிட்டுச் சராசரி மதிப்பெண் கூடியது என்று சொன்னால் எப்படி?

---

எண்கணக்கன்

சரியான கேள்வி. முழுதாக மறுக்கவும் முடியாது. ஓர் உத்தேசக் கணக்கு போடுவோம். அந்த 65இல் 15 நீண்ட டூ, 40% விழுந்தது என்று வையுங்கள். அவை 6. மிச்சம் 50 எறியில் 24, அதாவது 48%. நீண்ட டூவை முழுக்கத் துடைத்துவிட்டாலும் 46%இலிருந்து 48% வரைதான் வருகிறது. அங்கிருந்து 54.5% வரைக்கும் உள்ள தூரம் எங்கிருந்து வந்தது? வளையத்துக்கருகே தடுக்க ஆள் இல்லாததிலிருந்து. அந்த ஆள் மூலையில் நிற்கிறார்.

இன்னொரு திருத்தம், என் முதல் பதிவுக்கே. ஓர் எறிக்கு எத்தனை புள்ளி என்று பார்க்கும்போது ஃபவுலை விட்டுவிட்டேன். உள்ளே நுழைபவருக்குக் கிடைக்கும் இரண்டு ஃப்ரீ த்ரோ, 78% என்று வைத்தால் 1.56 புள்ளி. இது 52% த்ரீக்குச் சமம். அதனால் வளையத்தை நோக்கிய ஓட்டம்தான் இன்னும் முதல் தேர்வு. த்ரீ அதற்குக் கதவைத் திறந்து வைக்கிறது.

---

நெடுஞ்சுவர்

கதவு எப்படித் திறக்கிறது என்பதை ஒரே ஒரு பிக் அண்ட் ரோலை (ஒருவர் தடுப்பவரை மறித்துவிட்டு வளையத்தை நோக்கி ஓடும் ஆட்டம்) வைத்துக் காட்டுகிறேன். தடுக்கும் பக்கத்திலிருந்து பாருங்கள்.

உச்சியில் பந்து. ஸ்க்ரீன், அதாவது அந்த மறிப்பு, விழுகிறது. பந்துக்காரரைக் காப்பவர் ஸ்க்ரீனுக்கு மேலே வளைந்து துரத்துகிறார். ஸ்க்ரீன் போட்டவரைக் காக்கும் பெரிய ஆள் பின்வாங்கி ஃப்ரீ த்ரோ கோட்டருகே நிற்கிறார். இதுதான் ட்ராப். வளையத்தின் மையத்திலிருந்து ஃப்ரீ த்ரோ கோடு 13 அடி 9 அங்குலம், த்ரீ கோடு 23 அடி 9 அங்குலம். இடையில் சரியாகப் பத்தடி. பந்துக்காரர் கோட்டுக்கு வெளியிலிருந்து எறியமாட்டார் என்றால் இந்தப் பத்தடி இனாம். 16 அடியில் புல்லப் (ஓட்டத்தை நிறுத்தி எறிவது) எறியட்டும், 40%தானே, 0.8 புள்ளி, நமக்கு லாபம். ட்ராப் என்ற தடுப்பே இந்த நம்பிக்கையில் கட்டியது.

இப்போது ஸ்க்ரீனை கோட்டுக்கு நாலடி வெளியே, 28 அடியில் போடுங்கள். பந்துக்காரர் கர்ரி. ட்ராப் ஆளுக்கும் அவருக்கும் பதினாலடி. விட்டால் எறிந்துவிடுவார். ஆகவே பெரிய ஆள் ஸ்க்ரீன் மட்டத்துக்கே ஏறிவர வேண்டும். இரண்டு பேர் பந்தின் மேல். கர்ரி உடனே ஸ்க்ரீன் போட்டவருக்குக் கொடுத்துவிடுகிறார். டிரேமண்ட் கிரீன் ஃப்ரீ த்ரோ கோட்டில் பந்தை வாங்கித் திரும்பும்போது அவருக்கு முன்னால் மூன்று தடுப்பவர்கள், அவரையும் சேர்த்து நாலு தாக்குபவர்கள். 'ஷார்ட் ரோல்' என்பது இதுதான். தடுப்பவர் மேலே ஏறிவந்தால் லாப் (தலைக்கு மேல் வீசும் பாஸ்), பின்வாங்கினால் கிரீனே லேஅப் (வளையத்தருகே போய்ப் போடுவது), மூலையை விட்டால் கார்னர் த்ரீ. 2015-16இல் கர்ரியின் அணியான வாரியர்ஸ் 73 வெற்றி, 9 தோல்வி. கர்ரி அந்த சீசனில் 886 த்ரீ எறிந்து 402 போட்டார். அதற்கு முந்தைய சாதனை அவரே வைத்த 286. அந்த 402ஐ எல்லோரும் பேசுவார்கள். தடுப்பவர்களின் கால் எங்கே நின்றது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அடுத்து, பின்னால் என்ன நடக்கிறது. உள்ளே ஓடும் பெரிய ஆளை மறிக்க எதிர்ப்பக்க மூலையைக் காப்பவர் பெயிண்ட்டுக்குள் ஒரு கால் வைத்தாக வேண்டும். பெயிண்ட் 16 அடி அகலம், ஓரம் நடுவிலிருந்து 8 அடி. மூலை ஆள் 22 அடிக்கு வெளியே. திரும்பி ஓட வேண்டியது 14 அடிக்கு மேல். ஸ்கிப் பாஸ் (எதிர்ப்பக்கத்துக்கு நேராக வீசுவது) காற்றில் இருக்கும் நேரமும், வாங்கி எறிய ஆகும் நேரமும் சேர்த்தால் ஒரு விநாடிக்குச் சற்றுக் கூடத்தான் வரும். நின்ற இடத்திலிருந்து திரும்பி அந்த நேரத்தில் 14 அடி ஓடி, கையையும் உயர்த்தி, ஷூட்டர் மேல் விழாமலும் நிற்க வேண்டும்.

அதனால் இப்போது அவரை மூலைக்கு அனுப்புவதில்லை. விங்கை (மூலைக்கும் உச்சிக்கும் இடைப்பட்ட பக்கம்) காப்பவர் மூலைக்கும் விங்குக்கும் நடுவில் நின்று இருவரையும் ஒருவராகப் பார்க்கிறார். பந்து மூலைக்குப் போனால் அவர் மூலைக்கு, உள்ளே உதவிக்குப் போனவர் விங்குக்கு. இருவர் ஓடும் பாதையும் குறுக்கே வெட்டும், 'எக்ஸ் அவுட்' என்பார்கள். இது எங்கே உடையும் என்றால் பேச்சில். இருவரும் மூலைக்கே ஓடிவிடுவார்கள், விங் காலி. தொலைக்காட்சியில் யாரோ தனியாக நின்று த்ரீ போட்டதைப் பார்த்தால், பல நேரம் காரணம் இந்தப் பேச்சுக் கோளாறுதான்.

---

நீலச்சட்டை

நெடுஞ்சுவர் அண்ணா, அப்படியென்றால் எல்லாவற்றையும் ஸ்விட்ச் (காக்கும் ஆளை மாற்றிக்கொள்வது) பண்ணிவிடலாமே? யாரும் யாரையும் துரத்த வேண்டாம்.

---

நெடுஞ்சுவர்

செய்கிறார்கள் தம்பி. 2015க்குப் பின் எல்லா அணியும் 6 அடி 6 அங்குலம் முதல் 6 அடி 9 வரை உள்ள, நீண்ட கை உள்ள விங் ஆட்டக்காரர்களைத் தேடி ஓடியது அதற்காகத்தான். 2015 இறுதிச் சுற்றின் நாலாவது ஆட்டத்தில் வாரியர்ஸ் தன் சென்டரை (வளையத்தருகே ஆடும் மிக உயரமான ஆள்) முதல் ஐவரிலிருந்து எடுத்துவிட்டு இகுடாலாவை இறக்கியது. ஸ்விட்சுக்கு அது நல்ல பாடம்.

சிக்கல் மூன்று இடத்தில் வரும். ஸ்விட்ச் ஆகும் நொடியிலேயே ஸ்க்ரீன் போடுபவர் நிற்காமல் உள்ளே நழுவிவிடுவார், ஸ்லிப். அடுத்தது, மெதுவான பெரிய ஆள் வேகமான கார்டின் (பந்தை நடத்தும் சிறிய ஆள்) முன்னால் தனியாக மாட்டுவார். ஜேம்ஸ் ஹார்டன் ஹூஸ்டன் ராக்கெட்ஸில் இதை ஆட்டத்துக்கு ஆட்டம் தேடித் தேடிச் செய்தார். கடைசியாக மறுபந்து: உங்கள் கார்டு அவர்களுடைய சென்டரை முதுகால் தடுத்து நிறுத்த வேண்டிவரும், முடியாது.

க்ளோஸ்அவுட் பற்றியும் ஒன்று. ஷூட்டரை நோக்கி முழு வேகத்தில் ஓடினால் அவருடைய பம்ப் ஃபேக்குக்கு (எறிவதுபோல் பாசாங்கு) ஏமாந்து பறந்துவிடுவீர்கள். மூன்றில் இரண்டு பங்கு தூரம் வேகமாக ஓடி, மிச்சத்தில் குறுகிய அடிகளாக வைத்து, இடுப்பைத் தாழ்த்தி, ஒரு கையை மட்டும் உயர்த்த வேண்டும். காலை ஷூட்டர் இறங்கும் இடத்தில் வைக்கக் கூடாது. 2017-18 முதல் நடுவர்கள் அதைப் பார்த்துப் பெரிய ஃபவுலாக்கலாம். கணுக்கால் போகும் விஷயம் அது, கறார் தேவைதான்.

---

பக்கப்பலகை

சென்டர்களின் கதையையும் சேர்த்துவிடலாம். புரூக் லோபஸ் முதல் எட்டு சீசன்களில் மொத்தம் 31 த்ரீ எறிந்து 3 போட்டவர். ஒன்பதாவது சீசன் 2016-17இல் 134 போட்டார். ஏழடி மனிதர் கோட்டுக்கு வெளியே நின்றால் எதிரணியின் ஏழடி மனிதரும் வெளியே வந்தாக வேண்டும். அவர்தானே வளையத்தின் காவல்? ஐவரும் வெளியே நிற்கும் 'ஃபைவ் அவுட்' அமைப்பின் நோக்கமே இது. லோபஸ் 35% போட்டால் போதும். பந்தே கைக்கு வராவிட்டாலும் அவர் நிற்கும் இடத்தால் அணிக்கு லாபம்.

---

அரைவட்டம்

நிறையக் கற்றுக்கொண்டேன். எறிதலைப் பற்றியே ஒன்று கேட்கட்டுமா? 23 அடிக்கும் 28 அடிக்கும் உண்மையில் எவ்வளவு வித்தியாசம்? இப்போது ஆளாளுக்கு மைதான நடுவிலுள்ள லோகோவிலிருந்து எறிகிறார்கள்.

---

பக்கப்பலகை

வளையத்தின் உள்விட்டம் 18 அங்குலம். பந்தின் விட்டம் ஏறத்தாழ 9.4. நடுவில் நேராகப் போனால் இரு பக்கமும் 4.3 அங்குலம் இடம். இப்போது திசையில் ஒரே ஒரு பாகை பிசகட்டும். ஃப்ரீ த்ரோ தூரத்தில் பந்து 2.9 அங்குலம் விலகும், வளையம் தொடாமல் விழும். 22 அடியில் 4.6 அங்குலம், வளையத்தை உரசும். 28 அடியில் ஏறத்தாழ 6 அங்குலம், முட்டித் தெறிக்க வாய்ப்பு அதிகம். முழங்கை ஒரு விரற்கடை வெளியே போனால் வரும் பிசகு அது.

உயரமும் முக்கியம். பந்து 45 பாகையில் இறங்கினால் அதன் பார்வைக்கு வளையத்தின் வாய் 12.7 அங்குலம் திறந்திருக்கும். 35 பாகையில் இறங்கினால் 10.3 அங்குலம்தான், பந்துக்கு மேல் ஓர் அங்குலம்கூட மிஞ்சாது. கால் களைத்தால் முதலில் சாய்வது இந்தக் கோணம். பந்து தட்டையாகப் போய் முன் வளையத்தில் முட்டும். ஆட்டத்தின் நாலாவது கால்பகுதியில் ஒரே அணி வரிசையாக முன் வளையத்தில் முட்டினால் அங்கே கையைவிடக் காலைச் சந்தேகப்பட வேண்டும். தூரத்திலிருந்து எறிபவர்கள் முழங்கால் மடக்கலையும் பந்தைக் கீழே இறக்கித் தூக்கும் 'டிப்'பையும் விடாமல் வைத்திருப்பது இதற்காகவே. சில பயிற்சியாளர்கள் நேரத்தை மிச்சப்படுத்த டிப்பை எடுக்கச் சொல்வார்கள். 15 அடியில் சரி, 25 அடியில் அது எறிக்கு வேண்டிய விசையையும் தாளத்தையும் பறித்துவிடும்.

---

பழைய ஆட்டம்

எல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சீசன் முடிவில் கோப்பைக்கான ப்ளேஆஃப் வந்தால் இந்தக் கணக்கு கையைச் சுடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2017-18 ராக்கெட்ஸ், டேரில் மோரி கட்டிய அணி, ஆட்டத்துக்கு 42.3 த்ரீ. டூவைவிட த்ரீ அதிகம் எறிந்த முதல் அணி, 65 வெற்றி. மேற்கு மண்டல இறுதியின் ஏழாவது ஆட்டத்தில் பாதி நேரத்தில் 54-43 என்று முன்னிலை. ஆனால் ஆட்டத்தின் நடுவில் தொடர்ச்சியாக 27 த்ரீ விழவில்லை. முடிவில் 44க்கு 7, 101-92 தோல்வி. 2025இல் பாஸ்டன், நிக்ஸ் தொடரின் முதல் ஆட்டத்தில் 60 எறிந்து 15. இருபது புள்ளி முன்னிலையைக் கோட்டைவிட்டது.

2023 சாம்பியன் டென்வரும், 2020 சாம்பியன் லேக்கர்ஸும் லீக் சராசரியைவிடக் குறைவாக த்ரீ எறிந்தவர்கள். 2025இல் எம்விபி-யும் (சிறந்த ஆட்டக்காரர் விருது) கோப்பையும் வாங்கிய ஷே கில்ஜஸ்-அலெக்சாண்டரின் உயிர்நாடி மிட்ரேஞ்ச், அதாவது வளையத்துக்கும் த்ரீ கோட்டுக்கும் இடைப்பட்ட தூரத்து எறி. 12 அடி எறி செத்துவிட்டது என்று சொல்பவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

---

எண்கணக்கன்

அந்த இரண்டு ஆட்டமும் ஒரே வகை இல்லை ஐயா. பிரித்துப் பார்க்கலாம். 36% ஷூட்டர்கள் 60 எறிந்தால் 21.6 எதிர்பார்க்கலாம், நியம விலக்கம் 3.7. பதினைந்தோ அதற்குக் குறைவோ விழுவது ஏறத்தாழ இருபது ஆட்டத்துக்கு ஒரு முறை. அதாவது சீசனில் நாலு முறை நடக்கும் விஷயம். 44க்கு 7 வேறு. அதைச் சீட்டு விழுந்த விதம் என்று மட்டும் சொல்ல முடியாது, இருநூறில் ஒன்றுகூட வராது. ராக்கெட்ஸின் கிறிஸ் பால் காயத்தால் இல்லை, ஹார்டன் தனியாகச் சுமந்தார், எறிகள் வர வர அவசரமாயின.

ஏற்ற இறக்கம் பெருகும் என்பது உண்மை. 40 த்ரீ எறியும் அணியின் த்ரீ புள்ளிகள் ஆட்டத்துக்கு ஆட்டம் 9 புள்ளி அளவில் ஆடும். அதே 40 எறியை 50% டூவாக எறிந்தால் ஆட்டம் 6 புள்ளி அளவில்தான். பலவீனமான அணிக்கு இந்த ஆட்டம் நல்லது. 12 புள்ளி முன்னிலை வைத்திருக்கும் பலமான அணிக்கு அது ஆபத்து. பாஸ்டன் அந்த ஆட்டத்தில் 20 புள்ளி முன்னிலையிலும் அதே கலவையில் எறிந்ததுதான் என் குறை.

மிட்ரேஞ்ச் பற்றி: கில்ஜஸ்-அலெக்சாண்டருக்கு அந்த 12 அடி ஏன் காலியாக இருக்கிறது? அவரோடு ஆடும் நாலு பேரை யாரும் விட்டு வர முடியாததால். ட்ராப் தடுப்பு மிட்ரேஞ்சைத் திறந்து வைத்திருக்கிறது, அதை 50% போடக்கூடிய சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். 40% போடும் மற்றவர்கள் எடுக்கக் கூடாது, அவ்வளவுதான். டென்வரின் யோகிச்சும் அப்படியே, அவருடைய பாஸுக்குப் பயந்து யாரும் இரண்டாவது ஆளை அனுப்புவதில்லை.

---

அரைவட்டம்

கோட்டைப் பின்னால் தள்ளலாம் என்ற யோசனை அவ்வப்போது வருகிறதே?

---

பக்கப்பலகை

வளைவை 25 அடிக்குத் தள்ளினால் அது பக்கக்கோட்டையே தொடும். கார்னர் த்ரீ மறைந்துவிடும். மறைந்தால் என்ன ஆகும்? மூலை ஆளைக் காப்பவர் கவலையில்லாமல் பெயிண்ட்டில் நிற்பார், 2008இன் நெரிசல் திரும்பும். மூலையை வைத்துக்கொண்டு வளைவை மட்டும் தள்ளினால் எல்லோரும் மூலைக்கு ஓடுவார்கள். மைதானத்தை அகலமாக்கினால் ஒவ்வொரு அரங்கிலும் முதல் வரிசை இருக்கைகள் போகும். மிக விலை கூடிய இருக்கைகள் அவை. நடக்காது.

என் மனசுக்குப் படுவது, கோட்டைத் தொடாமல் தடுப்பவருக்குச் சற்றுக் கைச் சுதந்திரம் கொடுக்கலாம். 2021-22இல் எறிபவர் வேண்டுமென்றே பக்கவாட்டில் சாய்ந்து ஃபவுல் வாங்குவதை நிறுத்தினார்கள், ஆட்டம் கெட்டுப்போகவில்லை.

---

நெடுஞ்சுவர்

எனக்கும் அதுவே சரி. நீலச்சட்டை தம்பிக்கு ஒரு வேலை தருகிறேன். அடுத்த ஆட்டம் பார்க்கும்போது பந்தை விட்டுவிடுங்கள். ஸ்க்ரீன் விழும் நொடியில் எதிர்ப்பக்க மூலையைக் காப்பவரின் காலை மட்டும் பாருங்கள். பெயிண்ட்டுக்குள் ஒரு கால் வைப்பார், இரண்டரை விநாடியில் வெளியே எடுப்பார், மறுபடி வைப்பார். மூலையில் நிற்பவர் 40% ஷூட்டராக இருந்தால் அந்தக் கால் கோட்டைத் தொட்டும் தொடாமலும் தயங்கும். 30% ஆளாக இருந்தால் இரண்டு காலும் உள்ளே. ஒரு கால்பகுதி அப்படிப் பார்த்துவிட்டு, மூலையில் இருந்த இருவரில் யாரை எந்த அணி எவ்வளவு மதிக்கிறது என்று இங்கே எழுதுங்கள்.

---

நீலச்சட்டை

செய்கிறேன் அண்ணா. வலது மூலை, இடது மூலை இரண்டையும் தனித்தனியாகக் குறித்துவைத்துப் போடுகிறேன்.